பதினோராவது திருகு

அந்தக் கடைக்கு நான் போனபோது பகல் பதினொன்றரை மணி. நல்ல வெயில். பேய் பிசாசுக்கு ஏற்ற நேரமில்லை. நானும் பயப்படுவதற்காகப் போகவில்லை. சண்டை போடும் எண்ணத்தோடுதான் படியேறினேன்.

என் தங்கை இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் வேலை பார்த்த லேப்டாப் கடை அது. முன்னால் வாடிக்கையாளர் நிற்கும் கண்ணாடி மேசை. அதன் பின்னால் குறுகலான ஒரு நடை. நடையின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. மெஷின்களைப் பிரிப்பதும் பூட்டுவதும் அங்கேதான். அவள் எரிந்ததும் அங்கேதான்.

"அவ பொருளெல்லாம் ஒரு பையில போட்டு வச்சிருக்கேம்மா, வந்து எடுத்துக்கோங்க. அப்படியே ஒரு கையெழுத்து" என்று முதலாளி போனில் சொல்லியிருந்தார். அந்த 'அப்படியே' என் காதில் நாள் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது.

காகிதம் தயாராக இருந்தது. தட்டச்சு செய்து, கீழே கோடு போட்டு, கோட்டின் மேல் பேனாவும் வைத்திருந்தார். நான் ஒரு நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதுகிறவள். எதையும் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டேன். அதில் இப்படி இருந்தது: மெஷினை மூடும்போது, குட்டைத் திருகு போட வேண்டிய துளையில் பணியாளர் கவனக்குறைவாக நீளத் திருகை முடுக்கியதால் பேட்டரி துளைபட்டுத் தீப்பிடித்தது, இதில் குடும்பத்தாருக்குப் புகார் எதுவும் இல்லை.

இரண்டு தடவை படித்தேன். கோட்டின் மேலிருந்த பேனாவை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

என் தங்கையை அறிந்தவர்கள் யாரும் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார்கள். ஒரு லேப்டாப்பைப் பிரிப்பதற்கு முன் அவள் வெள்ளைத்தாளில் அதன் அடிமூடியை வரைந்துகொள்வாள். மேலே வேலை எண், தேதி, மணி. கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் படத்தில் அதனதன் இடத்தில் வைத்து ஒட்டுநாடாவால் ஒட்டுவாள். மூடும்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவாள். அதிலும் கடைசித் திருகைப் போடமாட்டாள். மெஷினை ஆன் செய்து, உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் அது.

"அது மூச்சு விடணும்க்கா. மூச்சு விடாததுக்கு மூடி எதுக்கு?" என்பாள்.

வீட்டில் அவளுக்குத் திருகாணி என்றே பெயர்.

"எந்த மெஷின்னு சொல்றீங்க?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தார். உருகிக் கறுத்த ஒரு அடிமூடி. ஓரத்துத் துளையில் நீளமான ஒரு திருகு நின்றது. "நீங்களே பாருங்கம்மா. யாருக்கும் தப்பு வரும். நல்ல பொண்ணுதான். கொஞ்சம் அவசரக்காரி."

அவசரக்காரி. பல் தேய்க்கவே இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறவள்.

நடையின் முகப்பில் இன்னொரு வேலைக்காரர் நின்றிருந்தார். போர்டுகளில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதால் அவரைச் சாலிடர் அண்ணன் என்பார்கள். தீப்பிடித்த அன்று ஒரு மெஷினைக் கொடுத்துவர அவரை வெளியே அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

பையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா, சீப்பு, என் பழைய லேப்டாப், பிரிக்காத இரண்டு சின்ன உறைகள். அன்று காலை வீட்டிலிருந்து அந்த லேப்டாப்பை அவள்தான் தூக்கிக்கொண்டு போனாள். "இது ஆன் ஆகுறதுக்குள்ள நான் குளிச்சிட்டு வந்துடுவேன். இன்னிக்கு இதுக்குப் புது ரேம், புது டிஸ்க் போட்டுத் தரேன். அப்புறம் பாரு, எப்படி ஓடுறான்னு, உன் கிழவி" என்றாள். என்னிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை கிழவி.

"இதை அவ தொடவே இல்லம்மா. முன்னாடி அலமாரிலயே இருந்துச்சு, அதான் தப்பிச்சது" என்றார் முதலாளி.

"சரி சார். இதை இப்பப் பிரிக்கணும். அவ மேசையில. அதுக்கப்புறம் கையெழுத்தைப் பேசலாம்."

அவர் சாலிடர் அண்ணனைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்து வேண்டுமே. "கூட்டிட்டுப் போப்பா" என்றார்.

அறையில் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனாலும் வாடை போகவில்லை. எரிந்த பிளாஸ்டிக் வாடையல்ல. நகப்பூச்சு போல, அழுகத் தொடங்கிய பழம் போல, இனிப்பான ஒரு வாடை. வீங்கிய பேட்டரி கசிந்தால் இப்படித்தான் மணக்கும் என்று ஒருமுறை தங்கை சொல்லியிருந்தாள். அந்த அறை மூலையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீங்கிய பேட்டரிகள் கிடப்பதாகவும், வெளியே எடுத்துப் போடச் சொன்னால் முதலாளி எரிந்துவிழுவதாகவும்கூடச் சொல்லியிருந்தாள்.

கதவின் வெளிப்பக்கம் பார்த்தேன். என் தோள் உயரத்தில் நான்கு புள்ளிகளில் மட்டும் புது வண்ணம் பளபளத்தது. அடைத்துப் பூசிய நான்கு துளைகள்.

"இங்க என்ன இருந்துச்சு அண்ணே?"

அவர் அந்தப் புள்ளிகளைப் பார்க்காமல் மேசைக்குப் போனார். உட்கார்ந்து, கீழே பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். "அம்மா, ஒண்ணு சொல்றேன். நம்பினா நம்புங்க. அன்னிலேருந்து இங்க எந்த மெஷினை மூடிட்டுப் போனாலும், காலைல வந்து பார்த்தா கடைசி ஸ்க்ரூ வெளியில இருக்கு. மேசை மேல. நிக்க வச்ச மாதிரி."

நான் கையை நீட்டி ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டேன்.

என் லேப்டாப்பில் எட்டுத் திருகுகள். தாளில் படம் வரைந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒட்டினேன். அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்வதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! எட்டாவது திருகு வந்ததும் அடிமூடியின் இடுக்கில் நெகிழித் தகட்டை நுழைத்து நெம்பினேன். மூடி கழன்றது.

வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

மூடிக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு தாள் இருந்தது.

ஓரமெல்லாம் கருகியிருந்தது. தொட்டதும் விரலில் கரி ஒட்டியது. உள்ளே வேறு எதுவும் கருகவில்லை; மூடியில் ஒரு கறைகூட இல்லை. தாளின் மேல் அவள் கையெழுத்து. வேலை எண். தீப்பிடித்த நாளின் தேதி. மணி 3.40. கீழே ஒரு லேப்டாப்பின் படம். படத்தில் திருகுகள், ஒட்டுநாடாவுக்கு அடியில், அதனதன் இடத்தில். அத்தனை திருகும் தாளும் அந்த மெல்லிய இடைவெளியில் அடங்கவே அடங்காது. மூடியை மூடியிருக்கவே முடியாது.

எண்ணினேன்.

பத்து.

"அண்ணே, எரிஞ்ச மெஷினுக்கு எத்தனை ஸ்க்ரூ?"

அவர் தாளையே வெறித்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. "பத்து."

"பத்தும் இங்க இருக்கு. அவ மூடவே ஆரம்பிக்கல. அப்ப தட்டுல நிக்குதே, அந்தப் பதினோராவது ஸ்க்ரூ யாருது?"

வாசலில் நிழல் விழுந்தது. முதலாளி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. மூன்றே எட்டில் உள்ளே வந்து தாளுக்குக் கை நீட்டினார். நான் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சாலிடர் அண்ணன் எழுந்து, சுவரோடு ஒட்டி நடந்து வெளியே போய்விட்டார்.

"கொடும்மா அதை. நீயா எழுதிக் கொண்டுவந்து நாடகமாடுறியா?"

கதவு சாத்திக்கொண்டது.

காற்றில்லை. யாரும் தள்ளவில்லை. மெதுவாக, சாப்பாட்டு நேரம் முடிந்து வேலைக்காரர்களை உள்ளே விட்டுச் சாத்துவது போல.

பிறகு வெளியே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

தாழ்ப்பாளே இல்லாத கதவில்.

முதலாளி பாய்ந்து கதவை இழுத்தார். அசையவில்லை. "டேய், திற! யாருடா பூட்டினது?"

"நான் தொடவே இல்ல சார்" என்று வெளியிலிருந்து அண்ணனின் குரல், அழுகிற மாதிரி. "இங்க தாழ்ப்பாளே இல்ல சார். நீங்கதானே கழட்டச் சொன்னீங்க."

இனிப்பு வாடை ஏறியது. தொண்டை கரகரத்தது. அறையில் புகை இல்லை. ஆனால் முதலாளி இருமத் தொடங்கினார், புகைக்குள் நிற்பவரைப் போல.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

கதவில்தான். உள்பக்கமிருந்து. இடுப்பு உயரத்தில். அங்கே யாருமில்லை. முதலாளியின் கைகள் இரண்டும் அவர் கழுத்தில் இருந்தன.

எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தத் தட்டு எனக்குத் தெரியும். குளியலறையில் நான் நேரமாக்கினால் அவள் இப்படித்தான் தட்டுவாள். எனக்கு வந்தது கோபம்தான். உச்சந்தலை வரை கொதிக்கிற கோபம்.

"அன்னிக்கும் இந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சு" என்றேன்.

அவர் தரையில் மண்டியிட்டிருந்தார். "பார்ட்ஸ் காணாமப் போச்சும்மா... அதான் பூட்டினேன்... எல்லாக் கடையிலயும் செய்யறதுதான்..."

மூன்று தட்டு.

"கேட்டுச்சா, இல்லையா?"

"போன்ல பேசிட்டிருந்தேன். கேட்டுச்சு. யாரோ சாமான் இறக்குறாங்கன்னு நினைச்சேன்." குரல் உடைந்தது. "சாமான் இறக்குறாங்கன்னுதாம்மா நினைச்சேன்..."

தட்டு நின்றது. தாழ்ப்பாள் நகரும் சத்தம். கதவு ஒரு விரல் அளவு திறந்துகொண்டது. வெளியே சாலிடர் அண்ணன் எதிர்ச் சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளையும் உயர்த்தியபடி நின்றிருந்தார்.

அந்தத் தாளையும், முன்மேசைத் தட்டிலிருந்து கழற்றி எடுத்துவந்த பதினோராவது திருகையும் நான் விசாரணையில் ஒப்படைத்தேன். என் கண் முன்னால் உறையிலிட்டு அரக்கு வைத்தார்கள். ஏழு மாதம் நடந்தது. சாலிடர் அண்ணன் தாழ்ப்பாள் விஷயத்தைச் சொன்னார். வேலையை விட்டு நின்றவர் வன்மத்தில் பேசுகிறார் என்றார்கள். முதலாளி, அறையில் தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார். கடைசியில் அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அம்மா, எரிஞ்ச தாள் எரியாத லேப்டாப்புக்குள்ள எப்படி வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியல. பின்னாடி தயார் பண்ணினதுன்னு எதிர்த்தரப்பு சொன்னா நான் என்ன பதில் சொல்றது?"

விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். என் தங்கை எனக்குக் கொண்டுவந்து கொடுத்த சாட்சி, அவளால் கொண்டுவந்திருக்க முடியாது என்பதற்காகவே தள்ளப்பட்டது. அன்று வீட்டுக்கு வந்து நான் அழவில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தேன். அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது.

விசாரணை தொடங்கிய புதிதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலிடர் அண்ணன் வீட்டுக்கு வந்து என் லேப்டாப்புக்குப் புது ரேமும் டிஸ்க்கும் போட்டுக் கொடுத்திருந்தார். ஏழு திருகு முடுக்கியதும் நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். "எட்டாவது வேண்டாம் அண்ணே. கேஸ் முடியட்டும்." அந்தத் திருகை அவளுடைய சீப்புக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்தேன். லேப்டாப்பை நான் ஆன் செய்யவே இல்லை.

விசாரணையை மூடிய ஒன்பதாம் நாள் காலை போன் அடித்தது. முதலாளி.

"ஏம்மா," கிசுகிசுப்பாகப் பேசினார், "அந்த ஸ்க்ரூவ நீதானே அனுப்பினே?"

"எந்த ஸ்க்ரூ?"

"நீளமா... கறுத்து... சீல் வச்ச கவர்ல இருந்துச்சே. ஒன்பது நாளா காலைல என் தலகாணி பக்கத்துல நிக்குது. தூக்கிப் போட்டாலும் வந்துடுது." மூச்சு வாங்கியது. இருமினார். "இப்ப ரூம் கதவு திறக்க மாட்டேங்குது. வீட்ல எல்லாரும் இருக்காங்க, கூப்பிட்டா யாருக்கும் கேக்கல. அந்த வாடை வேற..."

அவர் குரலுக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

"தட்டுறாங்கம்மா. உள்ளேருந்து தட்டுறாங்க. யாரு தட்டுறா? சொல்லும்மா, யாரு?"

ஏழு மாதமாகத் தொண்டையில் நின்றிருந்தது, தானாக வெளியே வந்தது.

"யாராவது சாமான் இறக்குவாங்க சார்" என்றேன்.

போனை வைத்தேன்.

வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், மெல்லிய ஒரு சத்தம். விசிறி ஓடும் சத்தம். மேசை மேல் என் லேப்டாப் ஆன் ஆகியிருந்தது.

அதைத் திருப்பிப் பார்த்தேன். ஏழு மாதம் காலியாக இருந்த எட்டாவது துளையில் திருகு இருந்தது. இறுக்கமாக, அவள் முடுக்குவது போல, தலை சமமாக.

விரல் வைத்தேன்.

சுட்டது.