அலமாரிக்குள் பத்து நொடி

அவர் வாசித்து அனுப்பிய முதல் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. ஒலிப்புத்தகக் கம்பெனியில் எடிட்டராக இருக்கும் நண்பன், பாம்புச்செவி என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், மத்தியானம் போன் செய்தான்.

"வாசிப்பு பிரமாதம்டா. ஆனா மூச்சு ரெண்டு கேக்குது."

"ரெண்டா?"

"வாசிக்கிறப்ப உன் மூச்சு. நீ நிறுத்தினா இன்னொண்ணு. பக்கத்துல யாராவது உக்காந்திருக்காங்களா?"

யாரும் இல்லை. மனைவி தவறிப்போன இந்த ஏழு மாதமாக அந்த வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. பழைய மைக்கின் இரைச்சலாக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தார்.

அவருடைய ஸ்டுடியோவை ஸ்டுடியோ என்று சொன்னால் ஸ்டுடியோவே சிரிக்கும். மைக், யாரோ வாங்கி அலுத்துப்போய் விற்றது. அதைத் தாங்கி நின்றது உடைந்த மேஜை விளக்கின் கை. வாய்க்காற்று மைக்கில் அறையாமலிருக்க, மனைவியின் எம்பிராய்டரி வளையத்தில் ஒரு காலுறையை இழுத்துக் கட்டியிருந்தார். சுவருக்கு ஒட்டும் பஞ்சுப் பலகையின் விலையைக் கேட்டு அவர் வாயடைத்துப்போனபோது, "துணி நிறையத் தொங்குற அலமாரிக்குள்ள உக்காந்து வாசி, எதிரொலியே வராது" என்று வழி சொன்னவனும் பாம்புச்செவிதான். படுக்கையறையில் சுவர் முழுக்க அப்படி ஓர் அலமாரி இருந்தது. அவள் இருந்தவரை அதில் அவருக்குக் கிடைத்த இடம் ஒன்றரைச் சாண். மீதியெல்லாம் அவள் புடவைகள்.

"குடுத்துருடா, யாராவது கட்டிக்கட்டும்" என்று அக்கா மாதக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். இப்போது, தொழிலுக்கு வேண்டும் என்று சொல்லிவிடலாம். உள்ளதைச் சொன்னால், அந்தப் புடவைகளை விட மனமில்லாமல்தான் அவர் ஸ்டுடியோவே போட்டார்.

ஒரு மணிக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் தெரு அடங்கும். அப்போது உள்ளே போய், ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவார். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் இரண்டு பக்கமும் தொங்கும் துணி மடிப்புகளில் பட்டுத் தேங்கி நிற்கும், பாச்சை உருண்டையும் அவளுடைய பவுடரும் கலந்த மணம் மூக்கில் ஏறும், அதற்கும் அடியில், துவைத்தும் போகாத ஆஸ்பத்திரி வாடை லேசாக வந்து வந்து போகும்.

"பேசாம பத்து நொடி ரெக்கார்ட் பண்ணு" என்று பாம்புச்செவி சொல்லிக்கொடுத்தான். "அதுதான் உன் ரூமோட சத்தம். இதுதான் குப்பைன்னு சாஃப்ட்வேருக்குக் காட்டிரு. அப்புறம் எதைக் குடுத்தாலும் அந்தக் குப்பையை மட்டும் உருவி எடுத்துரும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து நொடி உட்கார்ந்தார். இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு புடவை அசைந்தது. உள்ளே காற்று வர வழியில்லை. முழங்கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு கோப்பும் திரும்பி வரவில்லை. வாசிப்பு, சுத்தம் செய், பழையதன் மேலேயே சேமிக்கவா, ஆம். வாசித்த மூலத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு இப்படி இருபத்திரண்டு அத்தியாயங்கள். விரல்களுக்கே பாடமாகிவிட்டது. இடது காது மட்டும் நாளுக்கு நாள் சில்லிட்டது.

வேலை முடிந்த அன்று, அவளுடைய குரலையும் சுத்தம் செய்யலாம் என்று ஆசை வந்தது. அவள் பேசியதில் மிஞ்சியது அது ஒன்றுதான். கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய நாற்பது நொடிக் குரல் பதிவு. போன் தண்ணீரில் விழுந்து செத்தபிறகு கணினியில் மட்டும் இருந்தது. 'என்னங்க, வர்றப்ப நீலப் போர்வையை எடுத்துட்டு வாங்க. இங்க குளிருது. பயப்படாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்.' தினமும் காலையில் அதைக் கேட்டால்தான் அவரால் எழுந்திருக்க முடிந்தது. பின்னால் கேட்கும் மெஷின் சத்தத்தை எடுத்துவிட்டால் போதும்.

சுத்தம் செய். சேமிக்கவா? விரல் ஆம் என்றது.

போட்டுக் கேட்டார். மெஷின் டிக் டிக்கென்றது. ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. நாற்பது நொடியும் அதுதான். அவள் இல்லை.

பாம்புச்செவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

"மெஷினை விட்டுட்டு அவங்க குரலை எப்படிடா எடுக்கும்?" என்றான் பாம்புச்செவி. "நீ குப்பைன்னு எதைக் காட்டின? அந்தப் பத்து நொடியைக் கேட்டியா?"

கேட்டதில்லை. வெற்றுச் சத்தத்தை யார் கேட்பார்கள்? ஹெட்போனை மாட்டி, ஒலியைக் கூட்டினார். முதலில் இரைச்சல். பிறகு ஒரு மூச்சு. பிறகு, இடது காதில், மெல்ல:

"என்னங்க. இங்கதான் இருக்கேன்."

சாஃப்ட்வேரில் 'எடுத்ததை மட்டும் கேள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. மூலக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டார்.

இரண்டாம் அத்தியாயம். "இந்தப் பக்கம் பாருங்க."

ஏழு. "ஏன் பேச மாட்டேங்கிறீங்க? என் மேல கோபமா?"

பதினைந்து. "பிச்சுப் பிச்சு எடுக்காதீங்க. வலிக்குதுங்க."

இருபத்திரண்டில் சொல் இல்லை. காற்று மட்டும்.

தேடி வந்தவளை, குப்பை என்று காட்டிக்கொடுத்து, தினம் ஒரு மணி நேரமாகப் பிய்த்துப் போட்டிருக்கிறார். தன் கையாலேயே.

அலமாரிக்குள் ஓடினார். கதவைச் சாத்தினார். பதிவைத் தொடங்கினார்.

"பேசும்மா. நான் எதையும் எடுக்க மாட்டேன். சத்தியமா எடுக்க மாட்டேன். பேசு."

திரையில், மைக்கில் விழும் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

ஹெட்போனில் எதுவும் இல்லை.

ஒலியை முழுக்கக் கூட்டினார். எதுவும் இல்லை. கோடு மட்டும் துடித்தது. ஒருவர் பேசும் வேகத்தில். கெஞ்சும் வேகத்தில். அவர் வாய் மூடியிருந்தது.

இடது பக்கம் திரும்பினார்.

தொங்கிய புடவை ஒன்று முன்னால் புடைத்தது. நெற்றி. மூக்கு. அதற்குக் கீழே துணியோடு அழுந்திய ஒரு வாய். திறந்தது. மூடியது. திறந்தது. இன்னும் அகலமாக. துணி உள்ளே போய், ஈரமாகி, வெளியே வந்தது.

ஒரு சத்தமும் இல்லை.