சாலமோன் ராஜா படம்

குவைத்திலிருந்து வந்த கிறிஸ்டினா, ராயபுரம் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியதும் கேட்ட முதல் வார்த்தையே, "சாரா எங்க?" என்பதுதான்.

அக்கா ஜானட் வாசலை மறித்து நின்றாள். சாராவைக் கைக்குழந்தையாக விட்டுப் போனவள் இவள். மூன்று வருஷம் மார்மேல் போட்டு வளர்த்தவள் ஜானட். வந்து கேட்டால் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

"பெத்துப் போட்டுட்டுப் போனவ, இப்ப இன்னாத்துக்குடி வந்துகீற?"

"என் புள்ளய இட்டுகினு போகத்தான்க்கா."

அந்த வீட்டில் சண்டை முற்றினால் கூடத்துப் படத்தின் முன்னால் நின்றுதான் முடிவு சொல்வார்கள். அங்கே சொன்னது சொன்னதுதான், மாற்றக் கூடாது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த, நூற்றைம்பது வருஷத்துப் படம் அது. சிம்மாசனத்தில் சாலமோன் ராஜா. கீழே ஒரு பிள்ளைக்காக மல்லுக்கட்டும் இரண்டு தாய்மார். நடுவில் சிப்பாய், ஒரு கையில் ஓங்கிய வாள், மறு கையில் தலைகீழாகத் தொங்கும் குழந்தை.

இருவரும் போய் நின்றார்கள். சாரா பாயில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையை ஆளுக்குப் பாதியாக வெட்டச் சொல்லி, விட்டுக்கொடுப்பவள்தான் உண்மைத் தாய் என்று ராஜா தீர்ப்புச் சொன்ன கதை, பூசைக்குப் போகிற யாருக்குத்தான் தெரியாது? ஜானட் முந்திக்கொண்டாள். "நீயே இட்டுகினு போ. எனக்கு வேணாம்."

தங்கை மட்டும் லேசுப்பட்டவளா? "ஐயோ, நீயே வச்சுக்கக்கா. எனக்கு வேணாம்."

அடிப்பாவிகளா! இரண்டும் பச்சைப் பொய்.

மழை இருட்டில் கூடம் மங்கியது. பழைய மை வாடை குப்பென்று அடித்தது.

பாய் காலியாக இருந்தது.

"அம்மா..."

குரல் படத்துக்குள்ளிருந்து வந்தது. சிப்பாயின் கையில் தொங்கியது சாரா. அவளுடைய பூப்போட்ட கவுன், மயிரிழைக் கோடுகளாகச் சரிந்து கிடந்தது.

"இன்னாடி கண்ணு!" இருவரும் சேர்ந்து அலறினார்கள்.

வாள் ஒரு விரற்கடை இறங்கியது.

"அம்மா..."

மறுபடி இருவரும் பதில் சொன்னார்கள். மறுபடி இறங்கியது.

ஜானட்டுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு பேரும் பேசினா வாளு எறங்குதுடி. நீ கம்முனு இரு."

"நீ கம்முனு இரு அக்கா. பெத்தவ நான்."

"அம்மா..."

குரல் தேய்ந்திருந்தது. ஜானட் பல்லைக் கடித்தாள். வாயை மூடினால் பிள்ளை பிழைக்கும். ஆனால் தங்கை மட்டும் பதில் சொல்லி, பிள்ளை அவளோடு போய்விட்டால்?

"இதோ வந்துட்டேன்டி!" என்றாள் ஜானட்.

கிறிஸ்டினாவும் அதையேதான் சொன்னாள்.

அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

படம் இன்னமும் அந்தக் கூடத்தில்தான் தொங்குகிறது. சிப்பாய் வாளைக் கீழே வைத்துவிட்டான். தாய்மார் இருவருக்கும் ஆளுக்கொரு கையை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

இரண்டு கையும் காலியாக இல்லை.