ஏழு இருபது படகில் ஒரு மஞ்சள் குடை

மழை சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் குடையோடு மரைக்கே சரிவில் ஓடி வந்தபோது, படகோட்டி படகின் வாசல் சங்கிலியை மாட்டிவிட்டான். இரண்டே அடி இடைவெளி... அதற்குள் மொசெல் ஆறு சலசலத்தது.

"ஏங்க, அரை நிமிஷம் நின்னா ஆறு வத்திடுமா?"

"ஏழு இருபதுன்னா ஏழு இருபதுங்க. அடுத்தது ஏழு முப்பத்தஞ்சு." படகு நகர்ந்தது. "குடை அழகா இருக்கு."

மழைக்குப் பிந்தைய ஆற்றின் பச்சை, அவன் கண்களில். திட்ட வந்ததையே அவள் மறந்துபோனாள்.

அவள் வீடு ஜெர்மன் கரையில், புது வேலை எதிரே லக்ஸம்பர்க் கரையில். நடுவில் கார்களையும் ஏற்றிச் செல்லும் நான்கு நிமிடப் படகு, அதை ஓட்டும் லோரென்ஸ். மறுநாளிலிருந்து, வேலைக்குப் போன நாளெல்லாம், அவள் ஏழு இருபதைத் தவறவிட்டதே இல்லை.

"சீக்கிரமே வந்துட்டீங்க... உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்பான்.

"சிலரை நம்பினா கரையிலயே நிக்கணும்," என்பாள்.

ஓராண்டு இப்படியே போயிற்று. அடுத்த வசந்தத்தில் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்தாயோ அந்த நாட்டுக்கு வரி. வீட்டில் ஆண்டுக்கு முப்பத்துநான்கு நாள் வரை வேலை செய்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு நாள் கூடினாலும் அத்தனை நாளுக்கும் ஜெர்மனி வரி கேட்கும். அதனால் எல்லை தாண்டுகிறவர்கள் எல்லோரும் எந்த நாள் எங்கே வேலை என்று குறிக்கும் நாள் நோட்டு வைத்திருப்பார்கள், பெட்ரோல் ரசீதைக்கூடச் சாட்சியாகப் பத்திரப்படுத்துவார்கள். மரைக்கே நோட்டு வைக்கவில்லை. நடந்து வந்து, சில்லறை கொடுத்து ஏறுகிறவளுக்கு ரசீது ஏது?

வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது அவள் ஒப்பந்தம். அதை வைத்துத் தொண்ணூற்றிரண்டு நாள் என்று கணக்கிட்டிருந்தார்கள். நான்காயிரம் யூரோ வரி... ஒழுகும் கூரையை மாற்றச் சேர்த்த பணம் முழுவதும். உண்மையில் அவள் வீட்டிலிருந்தது பதினோரு நாள்தான்.

மறுநாள் படகில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பத்து நாள்ல வரி அலுவலகத்துல விசாரணை. தினம் யார் ஏறினாங்கன்னு பதிவேட்டுல எழுதறீங்களே... அதைக் கொஞ்சம் காட்டுவீங்களா?"

அவன் காதுகள் சிவந்தன. "கடிதம் வேணா எழுதித் தரேன். பதிவேடு... வேணாங்க."

"ஏன், அதுல ஆத்து ரகசியம் இருக்கா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்க."

விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ, அவளுக்குச் சுருக்கென்றது. வாய் விட்டுக் கேட்டது இந்த ஒரு முறைதான்... அதற்கும் இல்லையா? அதன்பின் ஒன்பது நாள் அவள் படகுத்துறைப் பக்கமே வரவில்லை. பாலம் சுற்றிப் பேருந்தில் போனாள், ஐம்பது நிமிடம்.

விசாரணை நாளில் வரி அதிகாரி திருமதி ஹிர்ட்ஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆதாரம் ஒண்ணுமே இல்லையாம்மா?"

"இல்லைங்க."

அப்போது கதவு தட்டப்பட்டது. நனைந்த தலையோடு லோரென்ஸ். கையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தடித்த பதிவேடு.

"எங்க மேலாளர்கிட்ட கேட்டுத்தான் கொண்டுவந்தேன். முதல் பக்கத்துலேர்ந்து பாருங்க." அவன் மரைக்கேயைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான்.

திருமதி ஹிர்ட்ஸ் வரி எண் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்.

"ஜனவரி பதினாறு. மூன்று கார், இரண்டு சைக்கிள். மஞ்சள் குடையைக் கரையில் விட்டுவிட்டேன். என் தப்பு."

மரைக்கேயின் கைப்பை மடியிலிருந்து நழுவியது.

"பிப்ரவரி மூன்று. மூடுபனி. மறுகரை தெரியவில்லை. மஞ்சள் குடை தெரிந்தது... மே எட்டு. வெயில். குடை இல்லை. ஆனாலும் அவள்தான்... ஜூன் பன்னிரண்டு. நான்கு கார். அவள் வரவில்லை. இன்று ஆறு ரொம்ப அகலம்."

அவர் பென்சிலால் பக்கம் பக்கமாக எண்ணினார்.

"வந்த நாள் இருநூத்திப் பதினொண்ணு. லீவு போக, வராத நாள் பதினொண்ணு... அதையும் விடாம, ரொம்ப வருத்தமா எழுதியிருக்கார். முப்பத்துநாலுக்குள்ள அடங்குது. நீங்க ஒரு காசு கட்ட வேண்டாம்."

மரைக்கேக்குக் கண் நிறைந்தது.

"ஒரே ஒரு கேள்வி. வாரம் ரெண்டு நாள் வீட்டுலயே இருந்திருக்கலாம். மழையிலயும் பனியிலயும் ஏம்மா தினமும் ஆத்தைத் தாண்டினீங்க? கோப்புல காரணம் எழுதணும்."

"வீட்டுல இன்டர்நெட்..." என்று தொடங்கி நிறுத்தினாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது திரும்பியிருந்தான். அந்தப் பச்சைக் கண்கள்... "இல்லைங்க. ஏழு இருபது படகுக்காக."

திருமதி ஹிர்ட்ஸ் சிரிக்காமல் எழுதினார். 'காரணம்: படகு.' முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

மறுநாள் காலை அவள் வேண்டுமென்றே தாமதமாக இறங்கி வந்தாள். மணி ஏழு இருபதைத் தாண்டியிருந்தது. படகில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சங்கிலி மட்டும் இன்னும் மாட்டப்படாமல் அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏழு இருபதுன்னா ஏழு இருபதுன்னு யாரோ சொன்னாங்களே?"

"உன்னை விட்டுட்டு ஒரு தடவை போயிட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது, மரைக்கே." அவன் குரல் தணிந்தது. "முதல் நாள்லேர்ந்தே... உன்னை எனக்குப் பிடிக்கும்."

அவள் குடையை மடக்கி, அவன் நீட்டிய கையைப் பிடித்துப் படகில் ஏறினாள்.

"தெரியும். அரசாங்க முத்திரையோட தெரியும்."