வெள்ளை ஏற்றிய தூரம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம். கால் நோவுதுன்னா நீட்டிக்கோங்க. செம்மண்டலத்துல ஒரு வீட்டுல, மழைக்கால மத்தியானத்துல நடந்ததைச் சொல்றேன்.

ஜெயராணி வரைந்துகொண்டிருந்த படத்தில், அவள் வரையாத ஒரு ஆள் நின்றிருந்தான்.

ஆற்றங்கரையில் இடிந்த உப்புக் கிடங்கு, பின்னால் தோப்பு, அதற்கும் பின்னால் கடல். சிதம்பரத்து லாட்ஜ் ஒன்றின் சுவரில் மாட்டக் கேட்ட படம். தூரம் போகப் போக வண்ணத்தில் வெள்ளையும் துளி நீலமும் சேர்த்து மங்கவிட வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர் கண் உள்ளே நடந்து போகும். கடலோரம் எல்லாம் புகையாய் மங்கியிருக்க, அந்த ஆள் மட்டும் கரியாய், மீசை தெரிய, நகக்கண் அளவில் நின்றான்.

மூன்று ராத்திரி மகளின் காய்ச்சலோடு விழித்த கண். ஆறு வயது ரேகா பின்னால் பாயில் படுத்திருந்தாள். ஈரத்துணி வாடையும் டர்பன்டைன் நெடியும் கலந்து அறையே கனத்துக் கிடந்தது. ஜெயராணி கணவனுக்குப் போன் போட்டாள். சார்லஸ் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். லால்பேட்டையில் ஏணிமேல் இருந்தான்.

"கண்ணு சொருகுது ஒனக்கு. யாரு வந்து நிக்கப் போறா, எங்க மாமனாரா? டீயப் போட்டுக் குடி. வெள்ளைய ஜாஸ்தி ஏத்தி வுடு, தானா பின்னால போய்டுவான்."

ஏற்றினாள். ஆள் மங்கினான்.

"அம்மா, தண்ணி."

குரல் தெருக்கோடியிலிருந்து வந்ததுபோல் கேட்டது. மழைச் சத்தம் என்று நினைத்தாள்.

"இரு தங்கம், வந்துட்டேன்."

பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் தோப்புக்கு இந்தப் பக்கம் நின்றான். விரல் உயரம். மறுபடி வெள்ளை. மறுபடி. டியூபைப் பிதுக்கிப் பிதுக்கிக் கை சோர்ந்தது. இப்போது கிடங்கு வாசலில். சட்டைப் பொத்தானை எண்ணலாம்.

"அம்மா... ஏம்மா அவ்ளோ தூரம் போறே?"

திரும்பினாள்.

தான் ஏற்றிய வெள்ளையெல்லாம் எங்கே போய்ப் படிந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று எட்டில் பாய். பாய்மேல் ரேகா. வெளுத்து. நீலம் பூத்து. கட்டைவிரல் அளவு.

ஓடினாள். மூன்று எட்டு. முப்பது. முந்நூறு. பாய் கிட்ட வரவில்லை. குழந்தை நீட்டிய கை புகையாய் மங்கியது. முதுகுக்குப் பின்னால், ஈர வண்ணத்திலிருந்து கால் பிடுங்கி யாரோ தரையில் இறங்கும் சத்தம்.

பிசுக்.

பிசுக்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வீட்டுல புள்ளைங்க கூப்பிட்டா எட்டிப் பிடிக்கிற தூரத்துல பெத்தவங்க இருக்கட்டும். எல்லாரும் நல்லாயிருங்க.