சுவரில் கை வைக்கக் கூடாது

"இந்த வீடும் பிடிக்கலைன்னா என்ன செய்யறதா உத்தேசம்?"

"பிடிக்கலைன்னு நான் எப்ப சொன்னேன்? பாக்கலாம்னுதானே சொன்னேன்."

"பாக்கலாம், பாக்கலாம்! பாத்துப் பாத்து என் கண்ணே பூத்துப் போச்சு. சாமானையெல்லாம் நடுரோட்டுல இறக்கி வெச்ச பிறகு பாக்கலாமா?"

முந்தின நாள் கணவரோடு போட்ட இந்தச் சண்டை, பேருந்திலிருந்து இறங்கி நடக்கும்போதும் டீச்சரின் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். சொந்தமாக வாங்க வீடு தேடித் தேடியே ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் செத்துப் போயிருந்தன. தரகர் "நல்ல காற்றோட்டம்" என்றால் கூரையில் ஓட்டை இருக்கும். "அமைதியான இடம்" என்றால் பின்புறம் சவக்கிடங்கு. தப்பித்தவறி ஒன்று நன்றாக அமைந்தால், கணவர் நோயாளியின் முதுகைத் தட்டும் டாக்டர் மாதிரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்பார். மறுவாரம் அது கைமாறியிருக்கும்.

இந்த வீடு அப்படியில்லை. கூடம் நிறைய வெயில். சமையலறையில் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நிற்கலாம். கணவர் வழக்கம்போலச் சுவரைத் தட்டினார். பிறகு அவள் காதோரம் குனிந்து, "பிடிச்சிருக்கு டீச்சர்" என்றார். கல்யாணத்துக்குக்கூட அவர் இத்தனை சீக்கிரம் சம்மதம் சொன்னதில்லை.

"விலையும் உங்க கைக்கு எட்டுறதுதான்" என்றார் தரகர். "பெரியவருக்கு ஒரே ஒரு நிபந்தனை."

வீட்டுக்காரப் பெரியவர் கணவரை மட்டும் பார்த்துப் பேசினார். "பின்னறைச் செவுத்துல கை வைக்கக் கூடாது. இடிக்கிறது, ஓட்டை போடறது, எதுவும் ஆகாது. பத்திரத்துலயே எழுதிடுவேன்."

"வாங்கின பிறகு அது எங்க வீடு இல்லையாங்க?" என்றாள் டீச்சர்.

பெரியவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மாவுக்குத் தண்ணி ஏதாவது வேணுமா, கேளுங்க தம்பி."

டீச்சருக்குச் சுருக்கென்றது. கைப்பையிலிருந்த அளவு நாடாவை உருவிக்கொண்டு, விடுவிடுவென்று பின்னறைக்குப் போனாள்.

அங்கே பகலிலும் இருட்டு. விளக்கைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் மொட்டைச் சுவர்கள். தைல வாடையும், நாள்பட்ட படுக்கையின் புழுக்கமும் மூக்கில் அப்பின. கட்டில் போட இடம் வருமா என்று பார்க்க, நாடாவின் நுனியை ஒரு மூலையில் செருகி, மறு மூலைக்கு நடந்து குனிந்தாள். நுனி நழுவி விழுந்தது. திரும்பச் செருகினாள். திரும்ப விழுந்தது.

"சே!"

முதுகுக்குப் பின்னால் நாடா மெல்ல உயர்ந்து விறைத்தது.

"வந்துட்டீங்களா? நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள், திரும்பாமல்.

நாடா இன்னும் விறைத்தது.

கூடத்திலிருந்து கணவரின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

டீச்சர் திரும்பினாள்.

நாடாவின் மறுமுனையில் யாரும் இல்லை.

நுனி அந்தரத்தில் நின்றது. பிறகு சுவரை ஒட்டி நகர்ந்தது. படுத்திருப்பவரின் கண் உயரத்தில் ஒரு கோடு. அங்கிருந்து மேலே. அப்புறம் குறுக்கே. மறுபடி கீழே. கூடவே, நகத்தால் பிறாண்டும் சத்தம்.

சர்ரக்... சர்ரக்...

ஓடியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் விழுங்கிய எரிச்சல் எல்லாம் ஒன்றாகப் பொங்கி அவளை அங்கேயே நிறுத்தியது.

"ஊர்ல உள்ளவங்க என்னைப் படுத்தினது பத்தாதுன்னு நீயும் ஆரம்பிச்சுட்டியா?" சீறினாள். "என்ன வேணும்? வாயத் திறந்து சொல்லித் தொலை!"

பிறாண்டல் நின்றது.

நாடா தொப்பென்று விழுந்தது.

அவள் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. பூசிப் பூசி மறைத்த வர்ணத்துக்கு அடியில், ஒரே சதுரத்தை ஆயிரம் முறை கீறிய நகத்தடம். இந்தச் சுவருக்கு அப்பால் மரங்கள் நிற்பதை வரும்போதே பார்த்திருந்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

கூடத்துக்கு வந்தபோது கணவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அந்த ரூம்ல யார் படுத்திருந்தாங்க?"

பெரியவர் இப்போதுதான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "என் சம்சாரம். நடமாட்டம் இல்லாம வருஷக்கணக்கா கிடந்தா. தங்கமானவ. வாயத் திறந்து எனக்கு இது வேணும்னு ஒரு நாள் கேட்டது கிடையாது." பெருமையில் அவர் முகம் மலர்ந்தது. "அவ இருந்த மாதிரியே அந்த அறை இருக்கணும். அதான் நிபந்தனை."

"கேக்கற மாதிரி நீங்க வெச்சிருந்தீங்களா?"

"டீச்சர்..." கணவர் அவள் கையைப் பிடித்தார். கண்கள் கெஞ்சின. "கிடைக்காத வீடு. இந்த ஒரு தடவை விட்டுடேன், என் ராசாத்தி."

அவள் கையை உதறினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தாள்.

தொண்டை ஜில்லிட்டது.

கூடம் முழுக்கத் தைல வாடை பரவியது.

அவள் வாயிலிருந்து வந்த குரல் அவளுடையதாக இல்லை. வெகுகாலம் பேசாமல் தடித்துப்போன நாக்கின் குழறல். தரகர் கதவுப் பக்கம் நகர்ந்தார். முதல் சொல்லிலேயே பெரியவரின் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

"என்னங்க... படுத்தாப்புலயே வெளிய பாக்கற மாதிரி... அந்தச் செவுத்துல எனக்கு ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்களேன்."