டிகாக்‌ஷன் மேல் ஆடை

பால் ஊற்றாத டிகாக்‌ஷன் மேல் ஆடை படிந்திருந்தது.

பன்னீர்செல்வம் அதைக் கரண்டியால் ஒதுக்கினார். பச்சை முட்டையின் கவிச்சியோடு அது கரண்டியில் வழுக்கி இறங்கி, கிழிந்த இடத்தைத் தானே மூடிக்கொண்டது. இந்தத் தீவுக்கு வந்து பத்துபஸ்தியில் வீடு கட்டிக் குடியேறிய நாளிலிருந்து முட்டை வாசற்படி தாண்டாத குடும்பம்.

மதியம் ஃபிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில், மகன் ஹரிஹரன் வைத்திருந்த குப்பியைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"செயற்கை செல் சவ்வுப்பா. லேப்ல கரண்ட் போய்ப் போய் வருது, அதான் இங்க வெச்சேன். மீன்ல விஷம் இருந்தா இந்தச் சவ்வு காட்டிக்கொடுத்துடும். ஓட்டை விழுந்தாலும் தானா ஒட்டிக்கும்."

"எதுல பண்ணது?"

ஹரிஹரன் தயங்கினான். "மஞ்சக்கருக் கொழுப்புல."

"அச்சா. உன் தங்கச்சியைப் பாக்க மெயின்லேண்ட்ல இருந்து கப்பலேறி வர்றாங்க. நீ முட்டைக்கடை வெச்சிருக்கே."

கொல்லையில் கொட்டப் போனார். குப்பி கைநழுவித் தண்ணீர் டிரம்மில் விழுந்தது. வீட்டில் இருந்தது அந்தத் தண்ணீர்தான்; குழாயில் இனி நாளை மறுநாள்தான் வரும். வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்பிய வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை. முழங்கைவரை கைவிட்டுக் குப்பியை எடுத்தார். காலி. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மாலை சீக்கிரமே இருட்டி, தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. கூடத்தில் விருந்தாளிகளின் சிரிப்பு. அவர் டிகாக்‌ஷனில் பாலை ஊற்றினார். பாலில் ஆடை இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்.

மகள் அகிலா தட்டை ஏந்திப் போனாள். மாப்பிள்ளையின் அப்பா சந்திரசேகர் ஒரு மடக்கு குடித்தார்.

"கப்பல்ல குடுத்தது காபியா கடல் தண்ணியான்னே தெரியல. இதுதான் காபி, சம்பந்தி."

சம்பந்தி. பன்னீர்செல்வத்தின் முதுகு நிமிர்ந்தது.

"பொண்ணும் உக்காந்து குடிக்கட்டுமே," என்றாள் சந்திரசேகரின் மனைவி.

அகிலா அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு சொல் போதும். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் தலையசைத்தார்.

அவள் குடித்தாள்.

சந்திரசேகர் எதையோ சொல்ல வாயெடுத்தார். உதடுகள் பிரிந்தன. வாய் திறக்கவில்லை. மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே ஈரமாக, மினுமினுப்பாக, ஒரு தோல். மூச்சில் உப்பியது. அடங்கியது. அவர் விரலால் கிழித்தார்.

மூடிக்கொண்டது.

மனைவிக்கும். மாப்பிள்ளைக்கும். டம்ளர்கள் உருண்டன. முட்டைக் கவிச்சி.

பன்னீர்செல்வம் திரும்பினார். அகிலாவின் வாய் அகலத் திறந்து, அதன்மேல் வெண்தோல் விறைத்திருந்தது. உள்ளிருந்து அவள் நாக்கு அதை முட்டியது. மறுபடி முட்டியது. அப்பா என்று.