தீபலட்சுமி தலையாட்டினாள்

தீபலட்சுமி சாரம் பகுதியில் இருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு வலது காதில் காக்ளியர் கருவி. காதுக்குப் பின்னால் சின்னப் பெட்டி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். இடது காதில் காது மிஷின். இரண்டும் சேர்ந்தால் டீச்சர் பேசுவது நன்றாகவே கேட்கும். பள்ளி வேனில்தான் கஷ்டம். இன்ஜின் உறுமலும் பிள்ளைகளின் கூச்சலும் பேச்சை விழுங்கிவிடும்.

ஒரு மாலை, வேனில் தோழி சுமலதா ஏதோ கேட்டாள். தீபலட்சுமிக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டி வைத்தாள்.

சனிக்கிழமை உழவர்கரையில் வினாடி வினாப் போட்டி. இரண்டு பேர் சேர்ந்துதான் கலந்துகொள்ள முடியும். தீபலட்சுமி அப்பாவின் வண்டியில் நேராக அங்கே போய்விட்டாள். சுமலதா வரவில்லை. அப்பா அவள் வீட்டுக்குப் போன் செய்து பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. நேரமாகிவிட்டதென்று போட்டி அறையின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை சுமலதா முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் பள்ளிக்குப் பின்னால், சத்தமில்லாத மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தீபலட்சுமியே போய்க் காரணம் கேட்டாள்.

“எங்க அப்பாவுக்கு வேலை இருக்கு, போட்டிக்குப் போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போறியான்னு கேட்டேன். தலையாட்டின. தெருமுனையிலயே நின்னுட்டு இருந்தேன்.”

போட்டிக்காக இருவரும் எத்தனை மாலைகள் சேர்ந்து படித்திருந்தார்கள்! அன்று கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தீபலட்சுமி சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் வெயிலில் காத்து நின்றவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“நீ கேட்டது எனக்குக் கேக்கவே இல்ல. கேட்ட மாதிரி தலையாட்டிட்டேன். திரும்பக் கேட்டா எல்லாரும் ‘ஒண்ணுமில்ல, விடு’ன்னு சொல்லிடறாங்க. அதனால கேக்கறதையே விட்டுட்டேன். தப்புதான்.”

சுமலதா காலால் மண்ணைக் கிளறினாள். தானும் அப்படிச் சொன்னதுண்டு என்றாள்.

இந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அடுத்த வருடம் ஆளுக்கொரு பள்ளி. இனி சேர்ந்து போட்டிக்குப் போக முடியாது.

“வேன்ல வேற என்னல்லாம் சொன்ன?” என்று தீபலட்சுமி கேட்டாள்.

“எங்க நாய்க்குட்டி செருப்பைக் கடிச்சதைச் சொன்னேன்.”

“உங்க வீட்ல நாய்க்குட்டி இருக்கா?”

சுமலதா நிமிர்ந்து பார்த்தாள். வேனில் தினமும் அவள் பேசியது அதைப் பற்றித்தான். தீபலட்சுமியும் தினமும் தலையாட்டியிருந்தாள்.

“இருந்துச்சு. போன வாரம் மாமா தூக்கிட்டுப் போய்ட்டாரு.”

தீபலட்சுமி அதற்கு என்ன பேர் என்று கேட்டாள்.

“பிஸ்கோத்து.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுமலதா நகர்ந்து அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பிஸ்கோத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஒன்றையும் விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.